பாண்டிச்சேரியில் டச்சுப் பழம்புத்தகங்கள்: கடையின் நிலைச் சீட்டை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது

மிஷன் வீதியைத் தாண்டி ஒரு குறுக்குத் தெருவில், மாடிப்படி ஏறிப் போக வேண்டிய அந்தப் பழைய புத்தகக் கடையைப் பிரெஞ்சுப் புத்தகங்களுக்காகத் தேடி வருபவர்களே அதிகம். உள் அறையில் இரண்டு அலமாரி நிறைய டச்சுப் புத்தகங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. எண்ணினால் 140க்குக் கொஞ்சம் குறைவாக வரும். தமிழ்நாட்டுக் கரையோரத்தில் 17, 18ஆம் நூற்றாண்டு டச்சு அச்சைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. அதனால் இந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு 19ஆம் நூற்றாண்டு: பள்ளிப் பாடநூல்கள், ஜாவா பயண நூல்கள், பிரசங்கத் தொகுதிகள். விலை 800 முதல் 1,500 ரூபாய் வரை. இவற்றில் பெரிய தேர்வு ஒன்றும் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதித் தாள் பெரும்பாலும் மரக்கூழ்த் தாள். அமிலம் ஏறிப் பழுத்திருக்கும். கடைசிப் பக்கத்தின் மூலையை லேசாக மடக்கிப் பார்த்தால் ஒடிந்து கையில் வரும். அப்படி ஒடியும் புத்தகத்தை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். மீதி இருப்பவைதான் பார்க்க வேண்டியவை: பதினைந்து இருபது விவிலியச் சங்கீதப் புத்தகங்கள், வெலம் என்ற தோல் கட்டில் சில குவார்ட்டோக்கள் (அச்சுத் தாளை நான்கு ஏடாக மடித்த அளவு), தோர்ட்ரெக்ட் நகரத்துக் கெயூர் குடும்பம் அச்சிட்ட ஒரு பெரிய ஃபோலியோ (தாளை இரண்டு ஏடாக மடித்த அளவு) பைபிள், உதிரிப் படங்கள் நிறைந்த ஓர் இழுப்பறை.

முதலில் ஒரு விஷயம். டச்சுக்காரர் 1693இல் பாண்டிச்சேரியைப் பிடித்து 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் அவர்களுக்குக் கிடங்குகள் இருந்தன. இந்த வரலாற்றைச் சொல்லி, "அந்தக் காலத்திலேயே இங்க வந்த புத்தகம் சார்" என்று மூன்று புத்தகங்களுக்குக் கடையில் தனி விலை சொல்கிறார்கள். புத்தகத்துக்குள் அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். முன் உள்ளட்டையில் பெயர், ஊர், தேதி எழுதிய மைக் குறிப்பு, பழைய தேவாலய முத்திரை, நம் ஊர்த் துணியில் செய்த பழைய செப்பனிடல் என ஏதாவது ஒன்று வேண்டும். அந்த மூன்றிலும் அப்படி எதுவும் இல்லை. இரண்டில் ஐரோப்பியப் புத்தக வியாபாரியின் சிறு சீட்டும் கில்டர் என்ற பழைய டச்சு நாணயத்தில் விலையும் பென்சிலில் அப்படியே இருக்கின்றன. கதைக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இனி நிலைச் சீட்டு. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் உள்ளங்கை அளவில் ஒரு சீட்டு செருகியிருக்கிறது. கட்டு, முதுகு, கீல் (அட்டையும் முதுகும் சேரும் மடிப்பு), தாள், பூச்சி, தண்ணீர்க் கறை, கையெழுத்துகள் என்று வரிசையாக எழுதி, கடைசியில் "மிக நன்று", "நன்று", "சுமார்" என்று ஒரு முடிவு. இந்தச் சீட்டு எழுதுபவருக்கு நல்ல கண் இருக்கிறது. "மேல் கீல் 4 சென்டிமீட்டர் பிளவு, நூல் உறுதி" என்று எழுதியிருந்தால் அளவெடுத்துப் பார்க்கலாம், சரியாக 4 இருக்கும். செம்புள்ளி (பழந்தாளில் விழும் பழுப்புப் புள்ளி) எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, தண்ணீர்க் கறையின் விளிம்பு எழுத்தைத் தொடுகிறதா இல்லையா என்பது வரை குறித்திருக்கிறார்கள். இந்த நேர்மைக்காகவே கடையைப் பாராட்ட வேண்டும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. சீட்டின் கடைசி வரியில் "முழுப்படி" என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல்லை நம்ப முடியாது. பக்க எண் தொடர்ச்சியாக இருந்தால் முழுப்படி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டச்சுப் பழம்புத்தகத்தில் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வரைபடமும் செப்புத்தகட்டுப் படமும்தான். அவை தனியாக அச்சாகி, கட்டும்போது இடையில் செருகப்பட்டவை. அவற்றுக்குப் பக்க எண் கிடையாது. பத்தில் நாலைக் கிழித்து எடுத்தாலும் பக்க எண் ஒன்றுகூடத் தவறாது.

கெயூர் பைபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1618-19இல் தோர்ட்ரெக்டில் கூடிய திருச்சபை மாநாடு முடிவெடுத்து, நாடாளுமன்றத்தின் செலவில் மொழிபெயர்த்து, 1637இல் முதலில் அச்சான ஸ்டாட்டன்பைபிளின் பிந்தைய பதிப்பு இது. மரப்பலகை மேல் பழுப்புத் தோல், எட்டு மூலைகளிலும் பித்தளை, முன்னால் இரண்டு பித்தளைக் கொக்கி. கொக்கியில் ஒன்று மட்டும் பழசு. மற்றதைப் பிற்காலத்தில் வார்த்துப் போட்டிருக்கிறார்கள். நிறம் ஒன்றானாலும் பழைய கொக்கியின் உட்பக்கத்தில் அரத் தடம் தெரிகிறது, புதியதில் வழவழவென்று இருக்கிறது. சீட்டில் இதைக் குறித்திருக்கிறார்கள், நல்லது. தாள் நல்ல கந்தல் துணித் தாள். 300 ஆண்டுக்குப் பிறகும் விரலில் சுண்டினால் மொடமொடவென்று ஒலிக்கிறது.

இந்தப் பைபிள்களில் வழக்கமாக 6 வரைபடம் இருக்கும்: உலகம், ஏதேன் தோட்டம் இருந்த நிலம், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நடந்த வழி, வாக்குத்தத்த நாடு, எருசலேம் நகரம், பவுலின் பயணங்கள். கடைப் படியில் இருப்பது 4. உலக வரைபடமும் எருசலேமும் இல்லை. சட்டம் போட்டு மாட்டுவதற்கு முதலில் கிழிபடுபவை இவைதான். உலகப் படம் இருந்த இடத்தில் முதுகை நன்றாக விரித்துப் பார்த்தால், தையலை ஒட்டி அரை அங்குல அகலத்தில் ஒரு தாள் கீற்று நிற்கிறது. ஓரம் நேர்கோடாக இருக்கிறது. பிளேடு போட்டு வெட்டியது. எதிர்ப்பக்கத்தில் படத்தின் மை பல்லாண்டுகளாகப் படிந்து உண்டான மங்கலான நிழலும் இருக்கிறது: இரண்டு வட்டம், பூமியின் இரு பாதிகள். படம் போய்விட்டது, அதன் நிழல் மட்டும் தங்கிவிட்டது. சீட்டில் "முழுப்படி, நன்று" என்று எழுதி 90,000 ரூபாய் சொல்கிறார்கள். அது ஆறு படமும் உள்ள படிக்குச் சொல்ல வேண்டிய விலை. இந்தப் படிக்கு அதில் பாதி கொடுத்தாலே தாராளம்.

ஆகவே எண்ணிப் பார்க்க வேண்டியது வாங்குபவர் வேலை. பக்க எண்ணை விட்டுவிட்டுப் பக்கத்தின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். நம் அச்சகக்காரர்கள் பாரம் என்று சொல்வதைப்போல, அன்று ஒவ்வொரு மடிப்புக் கட்டுக்கும் ஓர் எழுத்துக் குறி. ரோமன் எழுத்து வரிசையில் 23 எழுத்தைத்தான் பயன்படுத்துவார்கள். ஐயும் ஜேயும் ஒரே எழுத்து, யூவும் வியும் ஒரே எழுத்து, டபிள்யூ கிடையாது. ஆகவே ஐக்கு அடுத்து கே வந்தால் ஏதோ விடுபட்டுவிட்டது என்று பதற வேண்டாம். 23 முடிந்ததும் இரட்டை எழுத்தாகத் தொடரும். குவார்ட்டோவில் ஒரு கட்டுக்கு 4 ஏடு, ஆக்டாவோவில் 8 ஏடு. ஃபோலியோவில் கட்டுக்கு எத்தனை ஏடு என்பதை முதல் நாலைந்து கட்டிலேயே கண்டுகொள்ளலாம். கணக்கு எங்கே பிசகுகிறதோ அங்கே நின்று தையலைப் பாருங்கள். பக்கத்தின் வலது கீழ் மூலையில் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லைத் தனியாக அச்சிட்டிருப்பார்கள். டச்சில் அதற்கு ப்ளாட்வாக்டர் என்று பெயர், ஏட்டின் காவல்காரன் என்று பொருள். அந்தச் சொல்லும் மறுபக்கத்தின் முதல் சொல்லும் பொருந்தவில்லை என்றால் நடுவில் ஓர் ஏடு போயிருக்கிறது. டச்சு மொழி தெரிய வேண்டியதில்லை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலே போதும்.

பைபிளில் இன்னொரு சிக்கல்: பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, தள்ளுபடி ஆகமங்கள் என்று எண் வரிசை ஒவ்வொன்றுக்கும் புதிதாகத் தொடங்கும். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான, டச்சுப் பாதிரியார் பால்டேயுஸின் மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை பற்றிய நூலும் இப்படித்தான் மூன்று பாகம், மூன்று எண் வரிசை. கடைசிப் பக்க எண்ணை மட்டும் பார்த்தால் ஒரு பாகமே இல்லாதது தெரியாமல் போகும்.

சரியான கணக்கு என்ன என்று தெரிந்துகொள்ள, ஹேக் நகரத் தேசிய நூலகம் தொகுத்த எஸ்டிசிஎன் (STCN) பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1800 வரையான டச்சு அச்சுக்கு அதுதான் ஆதாரம். ஒவ்வொரு நூலுக்கும் கட்டுக் குறிகளின் முழு வரிசை இருக்கும். கூடவே "விரல்ரேகை" என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். குறிப்பிட்ட சில பக்கங்களில் கட்டுக் குறிக்கு நேர் மேலே, கடைசி வரியில் எந்த எழுத்துகள் நிற்கின்றன என்பதன் பதிவு அது. மறுபடி அச்சுக் கோத்தால் அந்த எழுத்துகள் நகர்ந்துவிடும். ஒரே ஆண்டு, ஒரே தலைப்பு, ஆனால் வேறு பதிப்பு என்பதை இதை வைத்தே பிடிக்கலாம். கடைக்குப் போவதற்கு முன் இந்தப் பதிவைக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு போங்கள். உள் அறையில் சிக்னல் கிடைப்பதில்லை.

ஆண்டையும் நீங்களே படித்துக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டுத் தலைப்புப் பக்கங்களில் ஆயிரத்தைக் குறிக்க சி, ஐ, இடவலம் மாறிய சி என்று மூன்று உருவம் சேர்த்துப் போடுவது உண்டு. ஐந்நூறுக்கு ஐயும் இடவலம் மாறிய சியும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள் ஏதோ அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு குவார்ட்டோவின் சீட்டில் "ஆண்டு இல்லை" என்றே எழுதியிருக்கிறது. ஆண்டு தலைப்புப் பக்கத்தின் அடியில் பெரிய எழுத்தில் நிற்கிறது.

வரைபடங்களில் வண்ணம் இருந்தால் பச்சையைத் தனியாகப் பாருங்கள். அந்தக் காலத்துப் பச்சை செம்புக் களிம்பிலிருந்து எடுத்தது. வருடம் போகப் போகத் தாளையே தின்றுவிடும். படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். பச்சைக் கோடு ஓடும் இடமெல்லாம் பின்னால் பழுப்பாக இருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. விரல் வைத்து அழுத்தினால் கோட்டோடு கோடாகப் பிளக்கும். ஈரக் காற்று அதை இன்னும் வேகப்படுத்தும். பின்பக்கம் வெள்ளையாக, பச்சை மட்டும் பளிச்சென்று இருந்தால் வண்ணம் அண்மையில் பூசியது என்று சந்தேகிக்க இடம் உண்டு. கடைப் பைபிளின் நான்கு வரைபடங்களில் ஒன்று இரண்டாவது வகை. சீட்டில் "பழைய வண்ணம்" என்றிருக்கிறது.

உதிரிப் பட இழுப்பறை பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். நாகப்பட்டினம், பழவேற்காடு, தூத்துக்குடிக் காட்சிகள் எல்லாம் ஏதோ ஒரு புத்தகத்தைக் குலைத்து எடுத்தவை. இவற்றை வாங்குவது அடுத்த புத்தகத்தையும் குலைக்கக் காசு கொடுப்பதாகும். அப்படியும் வாங்குவதென்றால், படத்தைச் சுற்றிச் செப்புத்தகடு அழுந்திய பள்ளம் இருக்கிறதா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நகைக்கடை லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) கோடு முழுதாகத் தெரிய வேண்டும். கோடு புள்ளி புள்ளியாக உடைந்தால் அது நவீன நகல். இழுப்பறையில் இரண்டு அப்படித்தான்.

வெலம் கட்டுதான் பாண்டிச்சேரியில் மிகவும் கஷ்டப்படுவது. வெலம் என்பது பதனிடாத கன்றுத்தோல். சுண்ணாம்பில் ஊறப் போட்டு, மயிர் நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்தது. டச்சுக்காரர்கள் இதை விரும்பிப் போட்டார்கள். முன் விளிம்பில் தோலை ஒரு விரல் அகலத்துக்கு நீட்டித் தாளின் மேல் மடித்திருப்பார்கள், அதைப் பார்த்தாலே டச்சுக் கட்டு என்று ஊகிக்கலாம். காற்றில் ஈரம் ஏறினால் தோல் விரியும், இறங்கினால் சுருங்கும். கடலிலிருந்து நாலு தெருவுக்குள் இருக்கும் வீட்டில், ஐப்பசி கார்த்திகை மழையிலும் சித்திரை வெயிலிலும் மாறி மாறி இருந்தால் அட்டை வெளிப்பக்கமாக வில்போல் வளைந்துவிடும். லேசான வளைவு குறையே இல்லை. மேசையில் புத்தகத்தைப் படுக்கவைத்து அட்டைக்கும் தாளுக்கும் நடுவில் இடைவெளியை அளந்து பாருங்கள். 5 மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் முதுகில் தோல்வார் கோத்து வெளியே வந்திருக்கும் இடங்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு வாரும் முழுசாக இருந்தால் கட்டு பிழைக்கும். ஒரு வார் அறுந்தால் அடுத்ததின் மேல் பாரம் ஏறும். கடையில் உள்ள வெலம் கட்டுகளில் இரண்டை வளைவு எடுப்பதற்காக ஈரத்துணி வைத்து அழுத்தியிருக்கிறார்கள். தோல் அந்த இடத்தில் கண்ணாடிபோல் ஆகி, கொம்பு நிறத்துக்கு மாறிவிட்டது. பதனிடாத தோல் ஈரமும் சூடும் பட்டால் பசையாகிவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது. இதையும் "நன்று" என்று எழுதியிருக்கிறார்கள். இது நன்று அல்ல.

பூச்சித் துளை இருந்தாலே பயந்து ஓட வேண்டியதில்லை. பூச்சி இப்போது உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. "ஐயா, ஒரு கறுப்புத் தாள் கொடுங்க" என்று கேட்டால் கொடுக்கிறார்கள். புத்தகத்தை அதன் மேல் நிமிர்த்திப் பிடித்து முதுகில் இரண்டு தட்டு தட்டுங்கள். மாவுபோல் வெளிர்த் தூள் கொட்டினால் ராமபாணம் உள்ளே இருக்கலாம். தூளைத் துடைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். திரும்பக் கொட்டினால் சந்தேகமே இல்லை. பைபிளில் இருப்பதுபோல் மரப்பலகை அட்டை என்றால் பலகையின் உள் விளிம்பைத் தனியாகப் பாருங்கள். பூச்சி அங்கேதான் தங்கி, அங்கிருந்து தாளுக்குப் போகும். வெள்ளிப்பூச்சியின் வேலை வேறு. துளை போடாது, தாளின் மேற்பரப்பைச் சுரண்டும், பசை உள்ள இடத்தைத் தேடும். மைதாப் பசை போட்டுச் செப்பனிட்ட முதுகுகளில் அதைப் பார்க்கலாம்.

செப்பனிடலைப் பற்றிப் பேசும்போது மனம் வருந்துகிறது. கட்டு தளர்ந்த புத்தகங்களைக் கடையினர் கடலூரில் ஒரு பைண்டரிடம் அனுப்புகிறார்கள். அங்கே பழைய கட்டைப் பிய்த்துப் போட்டு, ரெக்சினில் புதுக் கட்டுப் போட்டு, மூன்று ஓரத்தையும் மெஷினில் வெட்டி அனுப்புகிறார்கள். ஸ்டாட்டன்பைபிளின் ஓரம் முழுக்கப் பொடி எழுத்தில் விளக்கக் குறிப்புகள் அச்சாகியிருக்கும். சிறிய அளவுப் படி ஒன்றில் அந்தக் குறிப்பின் கடைசி இரண்டு எழுத்து ஒவ்வொரு வரியிலும் போய்விட்டது. முதுகில் ஃபெவிகால் ஊற்றியிருப்பதால் புத்தகம் பாதிக்கு மேல் விரியவில்லை. விரித்தால் தாள் தையலோடு கிழிகிறது. அந்தப் பசையைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஒரு மடிப்பு வரைபடத்துக்கு லாமினேஷனே போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் இதை அக்கறையோடுதான் செய்கிறார், புத்தகம் உறுதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் உடைந்த பழைய கட்டோடு இருக்கும் புத்தகத்தைச் சரிசெய்ய முடியும், ஓரம் வெட்டிய புத்தகத்தைச் சரிசெய்யவே முடியாது. கட்டுத் தளர்ந்த புத்தகம் பிடித்திருந்தால், பைண்டரிடம் போவதற்கு முன்பே வாங்கி, பருத்தி நாடாவால் சுற்றிக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். செல்லோடேப் வேண்டாம்.

கடைக்காரர் நெதர்லாந்திலிருந்து தருவிக்கும் பட்டியல்களை வாங்குபவருக்கும் காட்டுகிறார். அதில் திரும்பத் திரும்ப வரும் சில சொற்கள்: ஒன்ட்பிரேக்ட் என்றால் இல்லை, விடுபட்டது. பெர்காமென்ட், வெலம். ரூஸ்ட்ஃப்லெக்கன், செம்புள்ளி. வோர்ம்காட்யெஸ், பூச்சித் துளை. ஒன்ட்பிரேக்ட் எங்கே வருகிறது என்பதை முதலில் தேடுங்கள், விலையை அப்புறம் பாருங்கள்.

சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னல் ஓரம் மேசை, விளக்கு, புத்தகத்தைத் தாங்க மடித்த துண்டு எல்லாம் கொடுத்து, எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் தொந்தரவு செய்வதில்லை. கையுறை கேட்க வேண்டாம். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுவதே நல்லது, உறை போட்டால் தாளின் விளிம்பு விரலுக்குத் தெரியாது. பெரிய ஃபோலியோவை 120 பாகைக்கு மேல் விரிக்க வேண்டாம். ஏடு குறைந்தால் 7 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று பில்லிலேயே எழுதித் தருகிறார்கள். படத்துக்கும் அந்த உறுதி உண்டா என்று கேட்டு, உண்டு என்றால் "படம் உட்பட" என்று எழுதி வாங்குங்கள். கேட்டால் எழுதிக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு வாங்கி அனுப்ப நினைப்பவர்கள் கவனிக்க: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டைக் கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்லியல் துறையிடம் கேட்காமல் பார்சல் போட வேண்டாம்.

வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோனதும் மற்றப் புத்தகங்களோடு சேர்க்காமல் ஒரு மாதம் தனியே வையுங்கள், கறுப்புத் தாள் மேல். பூச்சி உறுதியானால், காகிதக் கட்டுப் புத்தகத்தைப் பாலித்தீன் பையில் காற்றில்லாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி ஓடும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் குளிர்ந்த தாளில் ஈரம் படியும். வெலம் கட்டையும் மரப்பலகைக் கட்டையும் இப்படி வீட்டில் வைத்து முயல வேண்டாம். அந்துருண்டை பூச்சியைக் கொல்வதைவிடத் தாளில் வாடையைத்தான் ஏற்றும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், பழைய சுண்ணாம்புச் சுவர் மழையில் ஊறும். 400 ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை உள்ளே மாட்டி, 65 சதவீதத்தைத் தாண்டும் நாட்களில் மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். காற்று ஓடும் இடத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்காது.